கலிஃபோர்னியா கவுண்டி நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கின் பத்திரங்களை எடுப்பது எப்படி?

இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, திருமண வழக்குகளை மூடிய அறையில் விசாரிக்கச் சொல்கிறது. வழக்கில் நடந்ததை அச்சிடுவதற்கும் தடை போடுகிறது. இதைப் பார்த்துப் பழகிய நம்மவர்கள், கலிஃபோர்னியாவில் முடிந்த தங்கள் விவாகரத்தின் பத்திரம் பின்னாளில் தேவைப்படும்போது, வக்கீல் இல்லாமல் அதைத் தொடவே முடியாது என்று நினைத்துவிடுகிறார்கள். நிலைமை நேரெதிர். கலிஃபோர்னியாவில் விவாகரத்து வழக்கின் கோப்பு பொது ஆவணம். கட்சிக்காரர், அதாவது வழக்கின் இரு தரப்பினர் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நீதிமன்றத்துக்குப் போய்ப் பார்க்கலாம், நகல் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

இந்தத் திறந்த தன்மையை நீதிமன்றங்கள் உறுதியாகக் காப்பாற்றியும் வந்திருக்கின்றன. சொத்துக் கணக்கு உள்ள பத்திரங்களை, ஒரு தரப்பு கேட்டாலே மூடி முத்திரையிட வேண்டும் என்று ஒரு சட்டப்பிரிவு கொண்டுவரப்பட்டது. 2006-இல் பர்க்கிள் தம்பதியின் விவாகரத்து வழக்கில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை அரசமைப்புக்கு முரணானது என்று தள்ளிவிட்டது. இன்று ஒரு கோப்பை மூட வேண்டுமானால் நீதிபதியின் தனி உத்தரவு வேண்டும். அது சுலபத்தில் கிடைப்பதில்லை.

அப்படியிருந்தும் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். காரணம், கவுன்டரில் போய் 'என் டைவர்ஸ் பேப்பர்ஸ் வேண்டும்' என்று மட்டும் கேட்பதுதான். ஒரு கோப்பில் நூறு பத்திரம் இருக்கலாம். கிளார்க்குக்குத் தெரிய வேண்டியவை மூன்று: வழக்கு எண் என்ன, எந்தத் தேதியில் பதிவான எந்தப் பத்திரம், எந்த வகை நகல். இந்த மூன்றையும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போனால் வேலை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

எந்தக் கவுண்டி

கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட், அதுதான் கவுண்டி நீதிமன்றம். எல்லாக் கவுண்டிக்கும் சேர்த்து வழக்குப் பத்திரங்களை வைத்திருக்கும் மாநில அலுவலகம் கிடையாது. கல்யாணம் சென்னையில் நடந்ததா சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததா என்பதோ, இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதோ இதில் கணக்கில்லை. வழக்கு எங்கே தொடுக்கப்பட்டதோ அங்கேதான் கோப்பு. வழக்குத் தொடுக்க, தம்பதியில் ஒருவராவது மாநிலத்தில் 6 மாதமும் அந்தக் கவுண்டியில் 3 மாதமும் குடியிருந்திருக்க வேண்டும் என்பது விதி. எனவே அன்றைக்கு யார் எந்த ஊரில் இருந்தார்கள் என்பதை நினைவுபடுத்திக்கொண்டால் கவுண்டி தெரிந்துவிடும்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இது அடிக்கடி குழப்பும். மில்பிடாஸும் ஃப்ரீமான்ட்டும் ஒட்டிய ஊர்கள். ஆனால் மில்பிடாஸ் சாண்டா கிளாரா கவுண்டி, ஃப்ரீமான்ட் அலமீடா கவுண்டி. டப்ளினிலிருந்து சான் ரமோனுக்குள் நுழைந்தால் அலமீடா முடிந்து கான்ட்ரா கோஸ்டா வந்துவிடுகிறது. சன்னிவேல், சாண்டா கிளாரா, சான் ஹோசே, கூப்பர்டினோ எல்லாம் சாண்டா கிளாரா கவுண்டி. அவற்றின் குடும்ப வழக்குகளுக்கு சான் ஹோசேயில் நார்த் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட் 201-ஆம் எண்ணில், 2016-இல் திறந்த ஃபேமிலி ஜஸ்டிஸ் சென்டர் இருக்கிறது.

திருமணச் சான்றிதழ் தரும் ரெக்கார்டர் அலுவலகத்துக்குப் போய் விவாகரத்துப் பத்திரம் கேட்பவர்கள் நிறையப் பேர். அங்கே அது இருக்காது. மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையிடம் 1962 முதல் 1984 ஜூன் வரையிலான விவாகரத்துகளுக்கு மட்டும் ஒரு பதிவுச் சான்று உண்டு. அதில் இருவர் பெயர், கவுண்டி, வழக்கு எண் ஆகியவை இருக்கும், தீர்ப்பு இருக்காது. எந்தக் கவுண்டி என்றே தெரியாத பழைய வழக்கைத் துப்புத் துலக்க உதவும், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பேசர் என்ற இணையதளம் ஃபெடரல் நீதிமன்றங்களுக்கானது. கவுண்டி வழக்கு எதுவும் அதில் வராது. மாநிலத்தின் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் நம்மூர் ஆர்டிஐ மாதிரி ஒரு மனு அனுப்பிப் பார்ப்பதும் வீண், அந்தச் சட்டம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்றத்தின் கிளார்க் அலுவலகம்தான் ஒரே வழி.

பெயரை வைத்துத் தேடுவது

வழக்கு எண் கையில் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். பழைய மின்னஞ்சல், வக்கீல் அனுப்பிய பில், ஜீவனாம்சம் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி கம்பெனிக்கு வந்த உத்தரவு என்று ஏதாவது ஒன்றின் மேல் மூலையில் அது இருக்கும். சாண்டா கிளாராவின் புதிய எண்களில் முதலில் ஆண்டின் கடைசி இரு இலக்கம், பிறகு எஃப்எல் என்ற எழுத்துகள், பிறகு வரிசை எண். லாஸ் ஏஞ்சலிஸில் நடுவில் நீதிமன்றக் கட்டடத்தின் குறியும் சேரும்.

எண் இல்லையென்றால் நீதிமன்ற இணையதளத்திலோ கட்டடத்திலுள்ள பொதுக் கணினியிலோ பெயரால் தேட வேண்டும். தமிழ்ப் பெயர்கள் சிக்குவது இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அமெரிக்கப் படிவத்திலோ கடைசிப் பெயர்க் கட்டம் கட்டாயம். அதில் ஒருவர் அப்பா பெயரை எழுதியிருப்பார், ஒருவர் தன் பெயரையே எழுதியிருப்பார், மனைவி கணவரின் பெயரை எழுதியிருப்பார். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தவர்களுக்கு விசாவில் முதல் பெயர் தெரியாது என்பதற்கான எஃப்என்யு வந்து, அதுவே வழக்கிலும் ஏறியிருக்கலாம். செந்தில்குமார் ஒரே சொல்லாகவும் இரண்டாகப் பிரிந்தும் வரும். லட்சுமியை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறோம். எனவே முன்பெயர் பின்பெயர் மாற்றி, அப்பா பெயரை வைத்து, இனிஷியலை விரித்தும் சுருக்கியும் தேட வேண்டும். அதிலும் கிடைக்காவிட்டால் எதிர்த்தரப்பின் பெயரைப் போட்டுப் பாருங்கள். வழக்குத் தொடுத்தவர் பெயர் எப்படிப் பதிவாகியிருந்தாலும், மற்றவர் பெயர் சரியாக இருக்க வாய்ப்புண்டு. கிளார்க்கையே தேடச் சொன்னால், 10 நிமிடத்துக்கு மேல் ஆகும் ஒவ்வொரு தேடலுக்கும் 15 டாலர் கட்டணம்.

ஒரே தம்பதிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எண் இருக்கலாம் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். குழந்தைக்கான பராமரிப்புத் தொகையை வசூலிக்கக் கவுண்டித் துறை தொடுத்த வழக்கு பெரும்பாலும் தனி எண்ணில் ஓடும். குடும்ப வன்முறைத் தடை உத்தரவும் தனியாக இருக்கலாம். விவாகரத்துக் கோப்பில் இல்லாத ஓர் உத்தரவு அங்கே உட்கார்ந்திருக்கும்.

பத்திர வரிசையைப் படிப்பது

எண் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது ரெஜிஸ்டர் ஆஃப் ஆக்‌ஷன்ஸ் என்ற பட்டியல். வழக்கில் பதிவான ஒவ்வொரு பத்திரமும் தேதியோடு ஒரு வரியாக அதில் இருக்கும். பட்டியலைப் பல கவுண்டிகளில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் குடும்ப வழக்கின் பத்திரங்களைப் பொதுமக்களுக்கு இணையத்தில் திறந்துவிடுவதை கலிஃபோர்னியா நீதிமன்ற விதி 2.503 தடுக்கிறது. பத்திரத்தைப் பார்க்க நீதிமன்றக் கட்டடத்துக் கணினிக்குத்தான் போக வேண்டும். கட்சிக்காரரும் அவர் வக்கீலும் அடையாளத்தை உறுதிசெய்துகொண்டு தொலைவிலிருந்து பார்க்க 2019 முதல் விதிகளில் இடம் உண்டு, கவுண்டி அந்த வசதியைச் செய்து தந்திருந்தால்.

பட்டியலில் நமக்கு வேண்டியவை சில வரிகள்தான். எஃப்எல் என்பது குடும்பச் சட்டப் படிவங்களின் குறி. எஃப்எல்-100 என்பது விவாகரத்து மனு. எஃப்எல்-115, எதிர்த்தரப்புக்கு சம்மன் சேர்ந்ததற்கான சான்று. எஃப்எல்-120, எதிர்த்தரப்பின் பதில். எஃப்எல்-165, பதிலே வராதபோது ஒருதலையாக முடிக்கக் கேட்கும் படிவம். எஃப்எல்-180 தீர்ப்பு. எஃப்எல்-190, தீர்ப்பு பதிவானது என்று நீதிமன்றம் இருவருக்கும் அனுப்பிய அறிவிப்பு. இந்தக் கடைசித் தாள் தபாலில் வந்திருக்கும் என்பதால் அதையே தீர்ப்பு என்று பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் அதிகம். அதைக் கொண்டுபோனால் எந்த அலுவலகமும் தீர்ப்பாக ஏற்காது.

எஃப்எல்-180-ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மேல் வலது மூலையில் நீதிமன்றத்தின் பதிவு முத்திரையும் தேதியும் இருக்கும். திருமணம் முடிந்த தேதி அதுவாக இருக்க வேண்டியதில்லை. சம்மன் சேர்ந்த நாளிலிருந்தோ எதிர்த்தரப்பு வழக்கில் வந்து நின்ற நாளிலிருந்தோ 6 மாதம் கழியாமல் திருமண பந்தம் முடியாது. அதனால் தீர்ப்பு மார்ச்சில் பதிவாகி, பந்தம் ஜூனில் முடியலாம். அந்தத் தேதி படிவத்தின் 4-ஆவது எண்ணின் கீழ்த் தனியாக எழுதப்பட்டிருக்கும். மறுமண விண்ணப்பத்திலும் குடியுரிமைப் படிவத்திலும் எழுத வேண்டியது அதைத்தான். முத்திரைத் தேதியை எழுதிவிட்டுப் பிறகு விளக்கம் சொல்ல நேர்கிறது.

சில வழக்குகளில் இரண்டு தீர்ப்பு இருக்கும். சொத்துப் பிரச்சினை இழுத்துக்கொண்டே போகும்போது, பந்தத்தை மட்டும் முதலில் முடித்து ஒரு தீர்ப்பு, பாகப்பிரிவினைக்குப் பின்னால் ஒன்று. மறுமணத்துக்கு முதலாவது போதும். வீட்டுப் பத்திரம், ஓய்வூதியக் கணக்கு என்றால் இரண்டாவது வேண்டும். 1984-க்கு முந்தைய வழக்குகளில் இடைக்காலத் தீர்ப்பு, இறுதித் தீர்ப்பு என்று இரண்டு தாள் வரும். இறுதித் தீர்ப்பு வந்தால்தான் விவாகரத்து. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். படிவம் சில பக்கம்தான், அதோடு இணைத்த உடன்பாடு முப்பது நாற்பது பக்கம் போகலாம். 'எல்லா இணைப்புகளோடும்' என்று எழுதிக் கேட்காவிட்டால் முன்தாள்கள் மட்டும் கையில் வரலாம்.

கோப்பில் தேடியும் கிடைக்காதவை

எதிர்த்தரப்பின் சொத்துப் பட்டியல் எங்கே என்று கோப்பைப் புரட்டுகிறவர்கள் ஏமாறுவார்கள். எஃப்எல்-142 என்ற அந்தப் பட்டியலை இரு தரப்பும் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கிறார்கள். நீதிமன்றத்தில் பதிவாவது, 'கொடுத்துவிட்டேன்' என்ற எஃப்எல்-141 மட்டும். வருமானம் செலவு சொல்லும் எஃப்எல்-150 கோப்பில் இருக்கும். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்திருந்தால் நீதிமன்றம் அதை மூடி வைக்கும். குழந்தை யாரிடம் இருப்பது என்று நிபுணர் எழுதிய மதிப்பீட்டு அறிக்கையை வெளியாட்கள் பார்க்க முடியாது. கட்டண விலக்கு கேட்ட விண்ணப்பமும் ரகசியம். 2023 ஜனவரி 1-க்கு முன் தொடுக்கப்பட்ட தந்தைமை வழக்குகளில் இறுதித் தீர்ப்பு தவிர மற்றவை கட்சிக்காரருக்கும் வக்கீலுக்கும்தான். தத்தெடுப்புக் கோப்பும் சிறார் நீதிமன்றக் கோப்பும் வேறு உலகம். அவற்றுக்குத் தனி மனு, பெரும்பாலும் நீதிபதியின் உத்தரவு தேவை. இப்படி மூடிய கோப்பைக் கேட்கப் போகும் கட்சிக்காரர் புகைப்பட அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப்போக வேண்டும்.

விசாரணையில் யார் என்ன பேசினார்கள் என்பதும் கோப்பில் இருக்காது. அன்றைய உத்தரவின் சுருக்கம் மினிட் ஆர்டராக இருக்கும். வார்த்தைக்கு வார்த்தை வேண்டுமானால் அன்று உட்கார்ந்து பேச்சைப் பதிவு செய்த கோர்ட் ரிப்போர்ட்டரிடம் தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டும். ரிப்போர்ட்டர் இல்லாமல் நடந்த விசாரணையென்றால் பெரும்பாலும் கேட்பதற்கு எதுவும் இல்லை. சாட்சியமாகக் காட்டிய பொருள்கள், தாள்கள் வழக்கு முடிந்த கொஞ்ச காலத்தில் திருப்பித் தரப்படும் அல்லது அழிக்கப்படும். குடும்ப வழக்கின் கோப்பைப் பொதுவாக 30 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பின் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

நகலின் வகையும் கட்டணமும்

சாதா நகல் பக்கத்துக்கு 50 சென்ட். விவரம் தெரிந்துகொள்ள, வக்கீலுக்குக் காட்ட இது போதும். சர்ட்டிஃபைடு காப்பி என்பது, மூலத்துக்கு இது சரியான நகல் என்று கிளார்க் எழுதி, தேதியிட்டு, கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தருவது. இதன் கட்டணத்தில் பலரும் கவனிக்காத ஒரு வித்தியாசம் இருக்கிறது. விவாகரத்துத் தீர்ப்பைச் சான்றிட 15 டாலர். அதே கோப்பின் வேறு எந்தப் பத்திரத்தைச் சான்றிடவும் 40 டாலர். பல கவுண்டிகளில் பக்கக் கட்டணம் இதற்குமேல் சேரும். 34 பக்கத் தீர்ப்பு 32 டாலர் ஆகும்போது, 6 பக்க உத்தரவு ஒன்று 43 டாலர் ஆகிவிடும். வேறு மாநில நீதிமன்றத்தில் பதிவு செய்ய சில சமயம் எக்ஸெம்ப்ளிஃபைடு நகல் கேட்பார்கள். கிளார்க்கின் கையெழுத்தை நீதிபதியும், நீதிபதியின் பதவியைக் கிளார்க்கும் உறுதிசெய்யும் வகை அது. அதற்கு 50 டாலர். யார் கேட்கிறார்களோ அவர்களிடமே எந்த வகை என்று முன்கூட்டிக் கேட்டுவிடுவது பணத்தை மிச்சப்படுத்தும். நீல முத்திரையோடு வக்கீல் வைத்திருக்கும் கன்ஃபார்ம்டு காப்பி, பதிவானதைத்தான் காட்டும். அதை யாரும் சான்றிடவில்லை.

கட்டண விலக்கு பெற்றவர்களுக்கு நகலும் சான்றிடலும் அதில் அடங்கும். ஆனால் அந்த விலக்கு தீர்ப்பு வந்து 60 நாளில் முடிந்துவிடும். கையில் விலக்கு இருக்கும்போதே சர்ட்டிஃபைடு காப்பி வாங்கி வைத்துக்கொள்வதுதான் விவரம். முடிந்துவிட்டால் எஃப்டபிள்யூ-001 படிவத்தில் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

வேறு மாநிலத்துக்கோ ஊருக்கோ போய்விட்டவர்கள் தபாலில் கேட்கலாம். கடிதத்தில் வழக்கு எண், இருவர் பெயர், பத்திரத்தின் பெயரும் பதிவான தேதியும், இணைப்புகளோடா இல்லையா, எந்த வகையில் எத்தனை நகல், தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். பக்க எண்ணிக்கை தெரியாததால் சரியான தொகைக்கு செக் எழுத முடியாது. அதற்கு ஒரு வழி உண்டு: தொகைக் கட்டத்தைக் காலியாக விட்டு, 'இவ்வளவுக்கு மேற்படாமல்' என்று ஆங்கிலத்தில் ஓர் உச்சவரம்பை எழுதிய அமெரிக்க வங்கி செக்கைப் பல கவுண்டிகள் ஏற்கின்றன. வரம்பைக் கஞ்சத்தனமாகப் போட்டால் மொத்தமும் திரும்பி வரும். சுயமுகவரி எழுதி, கனத்துக்குத் தக்க தபால்தலை ஒட்டிய உறையும் வேண்டும். நாற்பது பக்கத்துக்குச் சாதாரணக் கவர் பத்தாது. பழைய கோப்பு வெளிக்கிடங்கில் இருந்தால், நேரில் போனாலும் அன்றே கிடைக்காது.

நகல் கைக்கு வந்ததும் கவுன்டரிலேயே புரட்டிப் பார்த்துவிட வேண்டும். பக்கம் விட்டுப்போயிருக்கிறதா, முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா, கிளார்க்கின் கையெழுத்து இருக்கிறதா என்று. ஸ்கேன் எடுப்பதற்காக ஸ்டேப்பிள் பின்னைக் கழற்றக் கூடாது. பிரித்துச் சேர்த்த தடம் தெரிந்தால் பல அலுவலகங்கள் ஏற்க மறுக்கும்.

இந்தியாவில் காட்டுவதற்காக என்றால்

இங்கே கேட்க வேண்டிய பட்டியலே மாறுகிறது. காரணம், உச்ச நீதிமன்றம் 1991-இல் ஒய். நரசிம்ம ராவ் எதிர் ஒய். வெங்கடலட்சுமி வழக்கில் அளித்த தீர்ப்பு. அதில் இருந்ததும் ஒரு கவுண்டி நீதிமன்றத்தின் விவாகரத்துதான், மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் கவுண்டி. அந்த நீதிமன்றத்தின் கிளார்க் அலுவலகம் முறையாகச் சான்றிட்ட நகல் கையில் இருந்தும், அமெரிக்காவிலுள்ள இந்திய அரசின் பிரதிநிதி அதற்குமேல் சான்றிடவில்லை என்பதால் அது சாட்சியமாக ஏற்கப்படவில்லை. வெளிநாட்டு நீதிமன்றத்தின் அதிகாரமும் விவாகரத்துக்கான காரணமும் தம்பதியின் திருமணச் சட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் அந்த விவாகரத்து இந்தியாவில் செல்லாது என்பது அதே தீர்ப்பின் அடிப்படை. எதிர்த்தரப்பு தானாக முன்வந்து அந்த நீதிமன்றத்தை ஏற்று, அந்தச் சட்டத்திலுள்ள ஒரு காரணத்தின் மேல் வழக்காடியிருந்தால், அல்லது விவாகரத்துக்குச் சம்மதித்திருந்தால் விதிவிலக்கு உண்டு. கலிஃபோர்னியா விவாகரத்துகள் பெரும்பாலும் 'சமரசமாக முடியாத வேற்றுமை' என்ற காரணத்தில் நடப்பவை. இந்து திருமணச் சட்டத்தில் அந்தக் காரணம் இல்லை.

ஆகவே எஃப்எல்-180 மட்டும் வாங்கி ஊருக்கு அனுப்பினால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. எதிர்த்தரப்பு வந்து வழக்காடியதை எஃப்எல்-120 காட்டும். சம்மதித்ததை, இருவரும் கையெழுத்திட்ட உடன்பாடு காட்டும். இரண்டும் இல்லாமல் ஒருதலையாக முடிந்த வழக்கென்றால் எஃப்எல்-115-ஐ முதலில் படித்துப் பாருங்கள். எதிர்த்தரப்பு இந்தியாவில் இருந்து, சம்மன் வெறும் தபாலில் போயிருந்தால் சிக்கல். நாடு விட்டு நாடு சம்மன் சேர்ப்பதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் தபால் வழிச் சேர்ப்புக்கு இந்தியா ஆட்சேபம் தெரிவித்திருக்கிறது. மனு, பதில் அல்லது சம்மன் சான்று, இணைப்புகளோடு தீர்ப்பு ஆகிய மூன்றையும் சான்றிட்டு வாங்கினால் சான்றுக் கட்டணம் மட்டும் 95 டாலர், பக்கக் கட்டணம் தனி.

அடுத்தது அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் காட்டும் பத்திரத்தின் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று அரசு தரும் சான்று. ஹேக் அப்போஸ்டில் ஒப்பந்தம் இந்தியாவில் 2005 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. கவுண்டிப் பத்திரத்துக்கு அப்போஸ்டில் தருவது கலிஃபோர்னியா மாநிலச் செயலர் அலுவலகம், வாஷிங்டன் அல்ல. ஒன்றுக்கு 20 டாலர். சாக்ரமென்டோவுக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கோ லாஸ் ஏஞ்சலிஸிலோ நேரில் கொடுத்தால் ஒவ்வோர் அதிகாரியின் கையெழுத்துக்கும் 6 டாலர் கூடுதல். அவர்கள் சரிபார்ப்பது தீர்ப்பை அல்ல, சான்றிட்ட கிளார்க்கின் கையெழுத்தை. அதனால் நகல் கேட்கும்போதே 'அப்போஸ்டிலுக்காக' என்று கவுன்டரில் சொல்லி, மாநிலச் செயலரிடம் பதிவான கையெழுத்து உள்ள கிளார்க்கிடம் மையால் கையெழுத்து வாங்க வேண்டும். இந்திய அரசின் பிரதிநிதியின் சான்றும் சேர்த்து வேண்டுமா என்பதை ஊரில் வழக்கைப் பார்க்கும் வக்கீலிடம் முன்பே கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு செட்டாக வாங்குங்கள். இந்திய நீதிமன்றத்தில் தாக்கல் செய்த செட் வழக்கு முடியும்வரை கைக்குத் திரும்பாது.